யாருக்கு முதலில்?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பந்தியிலே சோறு குறைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? குழந்தைகளையும் முதியோரையும் முதலில் இருத்துகிறோம். பரிமாறும் இளைஞராகிய நாம் கடைசியில் உண்கிறோம். இம்முறை யாவரும் அறிந்தது; ஆதலால் எவரும் மனம் நோவதில்லை. தடுப்பூசி குறைந்தபோது எம்முறையைக் கைக்கொண்டோம்?

2021ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி, இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கொவிட் தடுப்பூசிகள் இலங்கை வந்தடைந்தன. ஒருவருக்கு இரண்டு வேண்டும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் இரண்டரை இலட்சம் பேருக்கே அவை போதும். மறுநாள் சுகாதார ஊழியர்களுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். இங்கே பரிமாறுபவரே முதலில் உண்டார். அது சலுகையன்று, வைத்தியரும் தாதியரும் படுத்துவிட்டால் நோயாளரைப் பார்ப்பவர் யார்?

அடுத்த படியிலேதான் வழக்கு எழுந்தது. பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் 30 முதல் 60 வயது வரையானோர் முன்வைக்கப்பட்டனர். வெளியே உழைக்கச் செல்வோரே நோயைக் காவுவர் என்பது அதற்குரிய நியாயம். ஆனால் இந்நோயால் இறந்தோருட் பெரும்பாலார் அறுபதைக் கடந்தவர்களே. ஊசி மரணத்தைத் தடுக்கும் என்பது அன்றே தெரிந்தது. பரவலை எவ்வளவு தடுக்கும் என்பது தெளிவாகவில்லை. ஆதலால் இறக்கக்கூடியவரைக் காப்பதே முதற்கடன் என்பது எமது துணிபு.

பின்னர் இந்தியாவிலே நோய் பெருகியது. அங்கிருந்து வரவு நின்றது. முதலாம் ஊசி பெற்ற ஏறக்குறைய 6 இலட்சம் பேர் இரண்டாவதற்குக் காத்திருந்தனர். யூலை 31இல் யப்பானிலிருந்து ஊசிகள் வரத் தொடங்கிய பின்னரே அக்குறை தீர்ந்தது. மே மாத இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்துப் பொதுமக்களுக்குக் கிடைத்த முதற்றொகுதி 50,000 மாத்திரமே.

இளைஞர்களே! அந்நாள்களில் தெரிந்தவரைப் பிடித்து வரிசையை முந்தியோர் நம்மிடையும் இல்லையா? முந்திய ஒவ்வொருவருக்கும் பின்னால், பெயரறியாத ஒரு முதியவர் பின்தள்ளப்பட்டார். அதை நாம் மறத்தலாகாது.

நாளை வேறொரு நோய் வரலாம். அப்போது முறையை முன்கூட்டியே ஊரறியச் சொல்லும்படி கேட்போம். நடக்கமாட்டாத முதியோரின் பெயர்களை வீடுவீடாகச் சென்று எழுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுப்போம். அவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்வோம். நமது முறை வரும்வரை பொறுத்திருப்போம். பந்தியிலே காட்டிய பண்பை வரிசையிலும் காட்டுவோமாக.