மாணவர் வினாக்களும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஸ்ரீரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளிற் பாடங்களில் உதவிவருபவன் என்னும் முறையில் என்னைப் பேசப் பணித்தீர்கள். வினாவுடன் வரும் பிள்ளைக்கு விடையைச் சொல்லி அனுப்பிவிடுதல் எளிது. அப்பிள்ளை எவ்விடத்தில் வழி தவறிற்று என்று கண்டறிதலே அரிது. மெய்யான உதவியும் அதுவே. மூன்று உதாரணங்கள் கூறுவேன்.

முதலாவது கணிதம். 1987ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கையில் எப்பொருளின் நிழலும் அதன் உயரத்திற்குச் சமம். அவ்வேளையிற் கோபுர நிழலை அளந்த மாணவன் ஒருவன், அளவு குறைகிறதே என்று வருந்தினான். பெருக்கலிற் பிழையில்லை. அவன் வெளிச்சுவரிலிருந்து அளந்தான். உச்சிக்கு நேர் கீழான இடமோ வாயிலின் நடுவில் உள்ளது. படம் வரையச் சொன்னேன்; வரைந்த மாத்திரத்தில் தானே கண்டுகொண்டான்.

அடுத்தது பௌதிகம். கடல் நீலமாயிருப்பது வானத்தின் பிரதிபிம்பத்தாலா என்று ஒரு பெண் வினவினாள். 1888இல் நம் திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமனுக்கும் 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் அவ்வையமே எழுந்தது. பட்டகம் ஒன்றினால், நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வெளிச்சத்தைத் தடுத்து நோக்கினார், நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று துணிந்தார். நீர் செந்நிற ஒளியை உட்கொள்ளுதலும் பெருங்காரணம் என்பதை இன்று அறிவோம். அவ்வாராய்ச்சி வழியே 1928இல் அவர் பெயர்பெற்ற கண்டுபிடிப்பும், 1930இல் நோபெல் பரிசும் வந்தன. ஆகவே, அப்பெண்ணின் வினா அற்பமானதன்று.

மூன்றாவது பொருளாதாரம். விளைச்சல் பெருகினால் குடியானவன் வருவாயும் பெருகும் என்றெழுதிய மாணவன், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டான். நூறு வாழைத்தார் தார் ஒன்று 300 ரூபாய்க்கு விற்றால் வரவு 30,000. மறு ஆண்டு 150 தார் விளைந்து விலை 180 ரூபாய்க்கு இறங்கினதாகக் கொள்வோம். வரவு 27,000 தானே? பழம் நாட்பட நில்லாது. மலிந்தது என்பதற்காக மனிதன் இருமடங்கு உண்ணவும் மாட்டான். காவிரிக் கரையில் வாழை பயிரிடும் தன் பாட்டனார் இதை எந்நாளும் சொல்வாரென்று அவன் வியந்தான். சாஸ்திரம் வீட்டிலேயே இருந்தது, அவன்தான் கேட்கவில்லை.

நிற்க. என் இளமையில் வகுப்பில் எழுந்து ஐயம் ஒன்று கேட்டேன். ஆசிரியர் நகைத்தார், வகுப்பும் நகைத்தது. அதன்பின் இரண்டாண்டு வாய் திறந்தேனில்லை. பௌதிகம் பயிலவேண்டுமென்ற ஆசையும் அவ்வாறே அவிந்தது. நம் இல்லங்கள் பலவற்றில் இப்போதுதான் முதன்முதலாக ஒரு பிள்ளை கல்லூரி வாயிலை மிதிக்கிறது. அப்பிள்ளை வாய் மூடினால் அவ்வில்லத்தில் வேறு யார் கேட்பார்?

பெற்றோர்களே, மதிப்பெண் எத்தனை என்று கேட்குமுன், இன்று எது விளங்கவில்லை என்று கேளுங்கள். அதற்கு நீங்கள் கற்றிருக்க வேண்டுவதில்லை. சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: ஞாயிறு மாலைதோறும் இம்மண்டபத்தைத் திறந்துவையுங்கள், கல்லூரி மாணவர் இருவர் அமரட்டும், ஒரு கரும்பலகை போதும். அங்கே எந்த வினாவுக்கும் நகைப்பில்லை என்பது மட்டும் விதியாக இருக்கட்டும்.