பொன்னானி ஏடும் காத்தான்குடிப் பேரீச்சையும்



சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவு ஏறி வந்ததில் காது இன்னும் அடைத்தே கிடக்கிறது. உரக்கப் பேசினால் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். இத்துறையில் என்னைவிடத் தோய்ந்தவர்கள் கீழே இருக்க, என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். கைநடுக்கத்தை ஏற்காட்டுக் குளிரின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பயங்கரவாதம் பற்றிய பொதுப்பேச்சில் இஸ்லாமிய நம்பிக்கைகளும் நடைமுறையும் என்பது அழைப்பிதழில் கண்ட பொருள். 1998 பிப்ரவரி 14இல் கோவையில் 58 பேர் மாண்டதும், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 250க்கு மேற்பட்டோர் மாண்டதும் இந்த அவைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. ஜிஹாதுக்கு எத்தனை பொருள் என்பதையும் விட்டுவிடுகிறேன். அதற்கென்றே கட்டுரைகள் வந்திருக்கும்.

எனக்குள்ள வழக்கு ஒன்றுதான். தர்காவுக்குப் போகிறவர் சாது, தர்காவை மறுக்கும் தௌஹீத்காரர் குண்டுக்குப் பக்கத்து வீடு என்றொரு வாய்பாடு நம்மிடையே ஊறிவிட்டது. முன்வரிசையில் இருக்கும் நண்பர் நெடுநாளாக இதை எழுதிவருகிறார். நான் எழுதிய மறுப்பு அவர் நூலின் அடிக்குறிப்பில் ஒருமுறை இடம்பெற்றது, என் தலைப்பெழுத்து மட்டும் மாறிப்போய். காபித் தம்ளரை எடுத்தாலே அவருக்கு அந்த விதையைக் கொண்டுவந்த சூஃபி பாபா புதன் நினைவுக்கு வந்துவிடுவார். காபி விளையும் இந்த மலையில் அவர் வாதத்துக்கு வலுக் கூடத்தான் செய்யும்.

ஆனால் கேரளத்துப் பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூமை எங்கே வைப்பது? அவருடைய பாட்டனார் சூஃபி நெறியைப் பாட்டாக எழுதியவர். பேரரான இவரின் ‘ஃபத்ஹுல் முயீன்’ ஷாஃபி மதரசாக்களில் இன்றும் பாடம். அதே பேரர்தான் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியருக்கு எதிராகப் போருக்கு அழைத்து ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ எழுதினார். நூல் நான்கு பகுதி. முதல் பகுதி ஜிஹாதின் விதிகள், மூன்றாவது மலபார் இந்துக்களின் வழக்கங்கள். முஸ்லிம் சுல்தான்கள் கைகட்டி நிற்க, கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி செல்வத்தைக் கொட்டிப் போரிட்டதை அதில் வாய்விட்டுப் புகழ்கிறார். சூஃபி மரபில் வந்தவர், போருக்கு அழைக்கிறார், இந்து அரசனைப் பாராட்டுகிறார். வாய்பாட்டின் எந்தக் கட்டத்தில் இவரை அடைப்போம்? சென்னைப் பல்கலைக்கழகத்து முகம்மது உசைன் நயினார் 1942லேயே இதை ஆங்கிலத்தில் தந்துவிட்டார். நம் துணைநூற்பட்டியல்களில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் தாக்குதலை முன்னின்று நடத்திய ஜஹ்ரான் தௌஹீத் பக்கத்தில் வளர்ந்தவர்தானே என்பீர்கள். மெய். 2017இல் இலங்கையின் காத்தான்குடியில் சூஃபிகளோடு மோதிவிட்டுத்தான் தலைமறைவானார். ஆனால் அதற்கும் முன்பே அவர்மேல் அதிகாரிகளிடம் புகார் கொடுத்ததும் அவ்வூர் முஸ்லிம்கள்தான். அது யார் செவியில் ஏறியது? தாக்குதலுக்குப் பிறகு வந்த கேமராக்கள் கண்டது பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்களையும் அரபுப் பெயர்ப்பலகைகளையும். பேரீச்சைக்குக் கொள்கை உண்டா? 1990 ஆகஸ்டில் அதே ஊரில் இரவுத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அப்போது எந்த மரத்தைப் படம்பிடித்தோம்? இங்கேயும் கதை அதுதான். பெயரில் ‘தௌஹீத்’ இருந்ததற்காக, 2004இல் தொடங்கிய தமிழ்நாட்டு அமைப்பை ஜஹ்ரானின் இலங்கை அமைப்போடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. பெயரை முழுதாகப் படித்திருந்தாலே போதும்.

தௌஹீத்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கபுரை, அதாவது கல்லறையை, இடிக்கச் சொல்லும் அவர்களின் பேச்சு எனக்கு உவப்பானதல்ல, என் பாட்டி நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என் தந்தை. ஆனால் கபுரைப் பற்றிய சண்டை வேறு, குண்டு வேறு. முன்னதை ஃபிக்ஹு சட்ட நூலில் தேடலாம். பின்னதற்குப் பணமும் ஆளும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும், அதற்கு வழக்கு ஆவணங்களைப் படிக்கிற பொறுமை வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். முதல் கட்டுரை நண்பருடையது. பொன்னானிக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் காபிக்கு எழுந்தால் போதும், நான் காத்திருக்கிறேன்.