தீவாந்தரத்தில் ஒரு பகல்



என் இளமையில் எங்கள் பாட்டனார், குறும்பு செய்யும் பிள்ளைகளைக் கண்டால், "உன்னைத் தீவாந்தரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று அதட்டுவார். தீவாந்தரம் என்பது ஓர் ஊரின் பெயர் என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். குற்றவாளியைக் கடல் கடந்த தீவுக்கு அனுப்பிவிடும் ஆங்கிலேயர் காலத்துத் தண்டனையை நம் மக்கள் அச்சொல்லால் குறித்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. 1908-ஆம் ஆண்டு திருநெல்வேலி நீதிமன்றம் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு விதித்ததும் அத்தண்டனையே. ஆனால் அவரைத் தீவுக்கு அனுப்பவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையில் வைத்தார்கள். உண்மையாகவே தீவாந்தரம் அனுப்பப்பட்டவர்கள் வாழ்ந்து மடிந்த இடமொன்றை ஒரு பகல் முழுவதும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருப்பது டாஸ்மேனியா. ஏறத்தாழ இலங்கையளவே உள்ள தீவு. 1642-இல் அங்கே வந்த ஏபெல் டாஸ்மன் என்னும் டச்சு மாலுமி, தம்மை அனுப்பிய பட்டேவியா ஆளுநரின் பெயரால் அதற்கு 'வான் டீமன்ஸ் லாண்டு' என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் அங்கே குடியேறிய காலம் முதல் 1853 வரை 70,000-க்கும் மேற்பட்ட கைதிகள் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கைதிகள் வருவது நின்றபின், பழைய பெயரைக் கேட்டாலே சிறை நினைவு வருகிறதென்று குடிமக்கள் வெட்கினர்; 1856-இல் தீவின் பெயரையே மாற்றிக்கொண்டனர்.

தலைநகராகிய ஹோபார்ட்டிலிருந்து காலை எட்டு மணிக்குச் சிறு பேருந்தொன்றில் புறப்பட்டோம். சுமார் இருபது பயணிகள். பேருந்தை ஓட்டியவரே வழிகாட்டியுமாவார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். இரு கைகளும் சக்கரத்தில் இருக்க, இடைவிடாது பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் பக்கத்து இருக்கையில் என்னினும் மூத்த முதியவர் ஒருவர் மடியில் காகித உறை ஒன்றை வைத்துக்கொண்டு பேசாது அமர்ந்திருந்தார். அவர் அவ்வூர்க்காரர் என்று பின்னர் அறிந்தேன். உள்ளூர் மனிதருக்கு வழிகாட்டி எதற்கு என்று எனக்கு வியப்பாயிருந்தது.

முதலில் நின்ற இடம் ரிச்மண்டு என்னும் சிற்றூர். கோல் ஆற்றின் மேல் கல்லால் வளைவு வளைவாகக் கட்டிய பாலம் இருக்கிறது. 1823-இல் தொடங்கி 1825-இல் முடித்தார்கள், கட்டியவர்கள் கைதிகள். இன்றும் வண்டிகள் அதன்மேல் போகின்றன. ஆஸ்திரேலியாவில் இன்றளவும் பயன்படும் கற்பாலங்களுள் இதுவே மூத்தது. பாலத்தின் கீழே வாத்துகள் நீந்துகின்றன, கரையெங்கும் புல்வெளி. குழந்தைகள் ரொட்டித் துண்டுகளை வீசிக்கொண்டிருந்தனர். சிறிது தொலைவிலேயே பழைய சிறைச்சாலை ஒன்றும், 1830-களில் கட்டிய கத்தோலிக்க ஆலயம் ஒன்றும் உள்ளன. ஊரில் அடுமனைகளுக்குக் குறைவில்லை. கறிப்பொடியிட்டு சமைத்த சிப்பி இறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பண்டமொன்று அத்தீவின் சிறப்புணவாம். நம் நாட்டுக் கறிப்பொடி அத்தனை தொலைவு போயிருப்பது கண்டு மகிழ்ந்தேன். புலால் உண்ணாதவனாகையால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டு வெறும் ரொட்டியைத் தின்றேன்.

ரிச்மண்டை விட்டுக் கிழக்கே சென்றால் நிலம் வரவரக் குறுகுகிறது. டனாலி என்னும் மீனவர் ஊரில் இருபுறக் கடலையும் இணைத்து 1905-இல் ஒரு சிறு கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். 2013 சனவரியில் காட்டுத்தீ இவ்வூரின் பெரும்பகுதியை அழித்தது. தொடக்கப் பள்ளியும் எரிந்தது. புதிய பள்ளியை வழிகாட்டி அம்மையார் பெருமையோடு சுட்டிக்காட்டினார்.

இவ்விடத்தில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. கைதிகள் வருமுன் அந்நிலம் யாருடையது? பல்லாயிரம் ஆண்டுகளாகத் தொல்குடி மக்கள் அங்கே வாழ்ந்து வந்தனர். 1830-இல் துணை ஆளுநராயிருந்த ஜார்ஜ் ஆர்தர், படைவீரர், குடியேறியோர், கைதிகள் என ஏறத்தாழ 2,200 பேரை வரிசையாக நிறுத்தி, வேட்டையில் விலங்குகளை ஒதுக்குவது போல, அம்மக்களை இந்தக் குறுகிய நிலத்தின் வழியே தீபகற்பத்துக்குள் ஒதுக்க முயன்றார். வாரக்கணக்கில் நடந்தும் பிடிபட்டவர் இருவர். சுடப்பட்டு இறந்தவர் இருவர். அந்தத் திட்டம் தோற்றது; ஆனால் போரும் நோயும் நாடு பறித்தலும் அம்மக்களைச் சிதைத்துவிட்டன. அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் டாஸ்மேனியாவில் வாழ்கின்றனர். இந்த ஆர்தர்தாம் பின்னாளில், 1842-இல், நம் பம்பாய் மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர். தொல்குடிகளை அடைக்க நினைத்த அதே தீபகற்பத்தில், அதே 1830-இல், அவர் பெயராலேயே எழுந்தது 'போர்ட் ஆர்தர்' என்னும் கைதிக் குடியிருப்பு.

அங்கே போகக் கடக்கவேண்டிய பூசந்திக்கு ஈகிள்ஹாக் நெக் என்று பெயர். மிகவும் குறுகிய இடத்தில் அதன் அகலம் 30 மீட்டருக்கும் குறைவு. இடப்பக்கம் பெருங்கடல், வலப்பக்கம் அமைதியான விரிகுடா. சிறைக்கு மதில் வேண்டியதில்லை என்று ஆட்சியாளர் கருதியதன் காரணம் அங்கே நின்றால் விளங்கும். 1830-களின் தொடக்கத்தில் இந்தக் கழுத்துக்குக் குறுக்கே வரிசையாக நாய்களைச் சங்கிலியிட்டுக் கட்டி, இரவில் விளக்குகளும் ஏற்றி வைத்தார்கள். நீரில் இறங்கித் தப்புவோரைத் தடுக்கக் கடலுக்குள்ளும் மேடை கட்டி நாய்களை நிறுத்தினராம். சீசர், பாம்ப்பி, அகிலீஸ் என்று அவற்றுக்குப் பெயர்களும் இருந்தன. இவ்வளவு காவலையும் மீறி, 1842 டிசம்பரில் மார்ட்டின் கேஷ் என்பவர் இரு தோழர்களோடு நீந்தித் தப்பினார். கங்காருத் தோலைப் போர்த்துக்கொண்டு குதித்துச் சென்ற கைதி ஒருவனைக் காவலர் இறைச்சிக்காகச் சுட முனைந்தனர் என்றும் ஒரு கதை உண்டு. இதை வழிகாட்டிகள் விடாமல் சொல்லுகிறார்கள்; கதை என்றே கொள்க.

அப்பகுதியின் கடற்கரைக் காட்சி சொல்லில் அடங்காது. ஒரிடத்தில் பாறைத் தளம் முழுவதும், தச்சன் நூல் பிடித்து அறுத்தாற்போல, சதுரம் சதுரமாகப் பிளந்திருக்கிறது. நிலத்தின் அழுத்தத்தால் ஏற்பட்ட விரிசல்களை அலைநீரும் உப்பும் அரித்து உருவாக்கிய தளம் அது. இன்னும் சற்றுத் தெற்கே 'டாஸ்மன் வளைவு' என்னும் இயற்கைப் பாலம். அலைகள் குகையைக் குடைந்து குடைந்து, கூரையின் ஒரு பகுதி மட்டும் வளைவாக எஞ்சியிருக்கிறது. தொலைவில் டோலரைட் பாறைத் தூண்கள் கடலிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. சில இடங்களில் 300 மீட்டர் உயரம். 'இத்தனை அழகான இடத்திலா!' என்று எங்களுள் ஒருவர் சொன்னார். அழகுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? கப்பலிலிருந்து அப்பாறைகளைப் பார்த்த கைதிக்கு அவை பாறைகளாகவா தோன்றியிருக்கும்?

நண்பகலில் போர்ட் ஆர்தரை அடைந்தோம். பசும்புல் சரிவும் ஓக் மரங்களும் விரிகுடாவும் சூழ்ந்த இடம். ஒரு பல்கலைக்கழக வளாகம் என்றே புதியவர் எண்ணுவர். நடுவே நான்கு மாடிப் பெருங்கட்டடம், கூரையின்றிச் சுவர்கள் மட்டும் நிற்கிறது. 1840-களில் மாவு ஆலையாகவும் தானியக் கிடங்காகவும் கட்டி, 1857-இல் சிறையாக மாற்றினார்கள். 1877-இல் குடியிருப்பு மூடப்பட்டது. ஊரின் பெயரைக் கார்னர்வன் என்று மாற்றிப் பார்த்தார்கள். 1890-களில் இருமுறை காட்டுத்தீ வந்து கட்டடங்களை எரித்தபோது நல்லதாயிற்று என்றவர்களும் உண்டாம். ஆயினும் பார்வையாளர் வருவது நிற்கவில்லை. 1927-இல் பழைய பெயரே திரும்பிவந்தது. 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பதினொரு கைதி இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் இதுவும் ஒன்று.

என்னை மிகவும் கலக்கியது, குன்றின் மேல் உள்ள தனிமைச் சிறை. லண்டன் பென்டன்வில் சிறையை முன்மாதிரியாகக் கொண்டு, 1850-ஐ ஒட்டிக் கட்டியது. சவுக்கடி மனிதனைத் திருத்தாது. அமைதியும் தனிமையும் அவனைத் தன் மனத்தை நோக்கச் செய்யும் என்பது அக்காலச் சீர்திருத்தக்காரர் கருத்து. அவர்கள் கொடியவர்கள் அல்லர், அடிப்பதை வெறுத்தவர்கள். ஆகவே ஒவ்வொருவனுக்கும் தனி அறை. நாளில் இருபத்து மூன்று மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். எவரோடும் பேசக்கூடாது. வெளியே வரும்போது முகமூடி. பெயர் சொல்லி அழைப்பதில்லை, எண்தான். வழிபாட்டுக் கூடத்திலும் பலகைத் தடுப்புகளுக்கிடையே நின்று, பாதிரியாரை மட்டுமே பார்க்கலாம். குரலெழுப்பிப் பாட அனுமதித்தது அங்கே ஒன்றுதான். ஆதலால் உரக்கப் பாடினார்களாம். இச்சிறைக்குப் பக்கத்திலேயே 1860-களில் மனநோயாளர் விடுதி ஒன்று கட்ட நேர்ந்தது.

அங்கே சுவர் தடித்த இருட்டறை ஒன்று உண்டு. வழிகாட்டி அம்மையார், "விரும்புவோர் உள்ளே போகலாம், ஐயா, ஒரு நிமிடம் கதவைச் சாத்துவேன்" என்றார். போனேன். அரை நிமிடத்திலேயே கதவைத் தட்டினேன். இருட்டுக்கு அஞ்சியன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததொன்று நினைவுக்கு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பக்கத்துப் பிள்ளையின் பேனாவை எடுத்துவிட்டான். பிள்ளைகளை அடிக்கலாகாது என்று பயிற்சிக் கல்லூரியில் கற்றவன் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆகவே அவனை நான் அடிக்கவில்லை. கடைசியில் தனியே அமரச் செய்து, ஒரு வாரம் எவரும் அவனோடு பேசலாகாது என்று வகுப்புக்குக் கட்டளையிட்டேன். பிள்ளைகள் கட்டளையை மிகச் செவ்வையாக நிறைவேற்றினார்கள். நான்காம் நாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். செங்கற்சூளை வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுபடி அவன் பள்ளிக்கு வரவேயில்லை. இதை நான் இதுவரை மேடையில் சொன்னதில்லை.

பிறகு படகில் ஏற்றி விரிகுடாவைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கரையில் பாயிண்ட் பியூர் என்னும் முனை. 'பியூர்' என்பது இலத்தீனில் சிறுவன் எனப் பொருள்படும் சொல். 1834 முதல் 1849 வரை அங்கே சிறுவர்களுக்கென்றே தனிச் சிறை இருந்தது. ஏறத்தாழ 3,000 சிறுவர் அங்கே வைக்கப்பட்டனர். ஒன்பது வயதுப் பிள்ளையும் உண்டு. எழுத்தும் கணக்கும் கற்பித்தார்கள். தச்சு, கல்தச்சு, படகு கட்டுதல் முதலிய தொழில்களும் கற்பித்தார்கள். கரையில் கூரையின்றி நிற்கும் ஆலயத்தின் கற்களுள் பல அச்சிறுவர் கைகளால் செதுக்கியவை. இரு சிறுவர்கள் கைகோத்துப் பாறையிலிருந்து குதித்தார்கள் என்று பலர் வரலாறு போலச் சொல்லுவர். அது மார்கஸ் கிளார்க் 1870-களில் எழுதிய நாவலில் வரும் காட்சி. உண்மைக்கு அந்த ஒப்பனை வேண்டியதில்லை. எதிரே 'இறந்தோர் தீவு'. ஆயிரம் பேருக்கு மேல் அங்கே புதைக்கப்பட்டனர். அதிகாரிகளுக்கும் படைவீரர்க்கும் பெயர் பொறித்த கற்கள். கைதிகளுள் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

திரும்பும் வழியில் சிறு தோட்டமும் நீர்த்தொட்டியும் கண்டோம். 1996 ஏப்ரல் 28 அன்று ஒருவன் துப்பாக்கியால் 35 பேரைக் கொன்றான். அவர்கள் நினைவிடம் அது. அதன்பின் ஆஸ்திரேலியா துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்கியது. அதுபற்றிப் பணியாளர்களிடம் கேட்கவேண்டாம் என்று அம்மையார் காலையிலேயே எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எவரும் கேட்கவில்லை.

மாலையில் பேருந்து புறப்பட்டது. டரானா என்னும் சிற்றூரில் தேநீருக்கு நின்றோம். கைதிகள் கைகளால் தள்ளிய ரயில் வண்டி 1836 முதல் ஓடிய இடம் அது. அங்கேதான் பக்கத்து இருக்கை முதியவர் வாய் திறந்தார். தம் பாட்டியார் குடும்பத்தில் தீவாந்தரம் வந்தவர் யாருமில்லை என்று சத்தியம் செய்வாராம். அக்காலத்தில் பல குடும்பங்களில் அப்படித்தான். குடும்ப விவிலியத்தின் ஏட்டைக் கிழித்தவர்களும் உண்டு என்றார். ஆனால் அரசாங்கம் கைதிகளைப் பற்றி எழுதிவைத்த பதிவேடுகள் அழியவில்லை. வயது, குற்றம், கண்ணின் நிறம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். 2007-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓய்வு பெற்றபின் ஆவணக் காப்பகத்தில் தேடித் தம் முன்னோரைக் கண்டுபிடித்தாராம். பாயிண்ட் பியூரில் இருந்த சிறுவன். அந்த முனையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், தனியே வர மனம் துணியவில்லை, ஆகவே பயணக் கூட்டத்தோடு வந்தேன் என்றார்.

காகித உறையிலிருந்து படியெடுத்த தாளை என்னிடம் நீட்டினார். பழைய சாய்வெழுத்து, எனக்கு எளிதில் படிக்க வரவில்லை. அவரே விரல் வைத்துப் படித்துக் காட்டினார். குற்றம்: கைக்குட்டை திருடியது. முடி பழுப்பு. இடக்கையில் ஒரு தழும்பு. உயரம் நான்கு அடி இரண்டு அங்குலம்.

வகுப்பில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவது என் பழைய வேலை. நான்கு அடி இரண்டு அங்குலமுள்ள பிள்ளை முதல் வரிசையில் நிற்பான். தாளைப் பத்திரமாக மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது, அம்மையார் எல்லாரையும் வண்டியில் ஏறச் சொன்னார்.