ஒவ்வாமையும் வயிற்றுப் பிள்ளையும்

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் உள்ள உறவினர் வீடுகளுக்கு வந்திருந்த தோட்டத் தாய்மாருக்காக நடந்த சுகாதார வகுப்பில் நாங்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)



துறைமுகத்து ஊருக்கு வந்தால் மீன் இல்லாமல் சாப்பாடு ஏது? ஆனால் இன்று காலை ஒரு தங்கச்சி எங்களிடம் கேட்டார்: “மாசமா இருக்கேங்க. சின்ன வயசிலேருந்து எனக்கு இறால் ஒத்துக்காது. வயித்துப் புள்ளைக்கும் வந்துருமா? மீனையே தொடாதேன்னு மாமியா சொல்றாங்க.” தோட்டத்தில் கரப்பான் என்போம், இங்கே கிரந்தி என்பார்கள். அந்தப் பயம்தான் இது.

முதலில் ஒரு பழைய கதை. 1921இல் ஜெர்மனியில் இரண்டு வைத்தியர்கள் இருந்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்காது. பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் இரத்த நீரைக் கொஞ்சம் எடுத்து பிரவுஸ்னிட்ஸின் தோலில் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் தடித்துச் சிவந்து அரித்தது. ஒருவருடைய ஒவ்வாமை இன்னொருவர் தோலுக்குப் போய்விட்டது! இரத்தத்தில் இருந்த அந்தப் பொருள் ஐ.ஜி.ஈ. என்ற பிறபொருளெதிரி என்பது 1960களில்தான் தெரிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் தோலிலும் மூச்சுக் குழாயிலும் குடலிலும் மாஸ்ட் கலங்கள் என்ற காவல்காரர்கள் உண்டு. அவர்கள் மடியில் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் இருக்கிறது. ஐ.ஜி.ஈ. என்பது அவர்கள் கையில் கொடுக்கும் செக்ரோல் மாதிரி. அதில் பேர் பதிந்த பொருள் உள்ளே வந்தால் உடனே மடியை அவிழ்த்துக் கொட்டுவார்கள். அதுதான் தடிப்பு, இழுப்பு எல்லாம்.

வயிற்றில் வளரும் சிசுவுக்கும் இந்தக் காவல்காரர்கள் உண்டாகிறார்கள். 2020இல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். ஒருவகைக் களைச்செடியின் மகரந்தம் ஒத்துக்காத தாய் எலியின் ஐ.ஜி.ஈ., நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குப் போய் அதன் மாஸ்ட் கலங்களில் ஒட்டிக்கொண்டது. பிறந்த குட்டி அந்த மகரந்தத்தை முதல் தடவை சந்தித்தபோதே ஒவ்வாமை காட்டியது. வேறு பொருளுக்குக் காட்டவில்லை. பிள்ளை தன் செக்ரோலை எழுதுமுன்னே தாயின் செக்ரோல் கைக்கு வந்துவிட்டது! ஆனால் சில வாரங்களில் அது மங்கிப் போனது. மனிதக் குழந்தைக்கும் இப்படியே நடக்கிறது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே தாய்மாரே, பிள்ளைக்குச் சொறி வந்தால் “நீ தின்னதாலதான்” என்று யாரும் உங்களைக் குற்றம் சொல்ல வேண்டாம். எலிக்குட்டிக்குப் போனது தாய் தின்ற சாப்பாடு அல்ல, தாயின் பிறபொருளெதிரி. கர்ப்ப காலத்தில் மீன், முட்டை, பாலை ஒதுக்கினால் பிள்ளைக்கு ஒவ்வாமை வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒதுக்கினால் குறைவது உங்கள் சத்துத்தான். உங்களுக்கு ஒத்துக்காததை மட்டும் விடுங்கள். இழுப்புக்கு மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள்.

இன்னொன்று. சூரை மீனை வெயிலில் வைத்துக் கெடுத்தால் மீனுக்குள்ளேயே ஹிஸ்டமின் உண்டாகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதைத் தின்று முகம் சிவந்து அரித்தால் அது ஒவ்வாமை அல்ல, கெட்ட மீன். தின்ற பல பேருக்கும் வந்தால் மீனைச் சந்தேகியுங்கள். ஒருவருக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும் வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள்.

எதுவானாலும் மூச்சு முட்டினால், உதடு நாக்கு வீங்கினால், மயக்கம் வந்தால் கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே தொடையில் போடும் அட்ரினலின் ஊசி உயிரைக் காக்கும்.

அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் சொன்னது இதுதான்: இறாலை விடுங்கள், நல்ல மீனைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள். மாமியாரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.