சாம்பல் சொல்லும் சான்று

ஆந்திர நாட்டில், ஜுரேரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜ்வாலாபுரம் என்றோர் ஊர் உண்டு. அங்கு மண்ணை அகழ்ந்தால் வெண்சாம்பற் படுகை ஒன்று தோன்றும். அருகில் எரிமலை எதுவும் இல்லை. பின், இச்சாம்பல் எங்கிருந்து வந்தது?

விடை கூறுவது இரசாயனம். தக்காணத்துக் கரும்பாறையும் எரிமலைக் குழம்பிற் பிறந்ததே. ஆனால் அதில் சிலிக்கா நூற்றுக்கு 50 பங்களவே. அத்தகைய குழம்பு இளகி ஓடிவிடும். இச்சாம்பலிலோ சிலிக்கா 70 பங்குக்கும் மேல். சிலிக்கா மிகுந்த குழம்பு பாகுபோல் இறுகி, வாயுக்களைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். அழுத்தம் எல்லை மீறியதும் மலையே வெடிக்கும். குழம்பு கண்ணாடித் துகள்களாய்ச் சிதறும்.

அத்துகள்மீது எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் எக்ஸ் கதிர்கள் எழும். அவற்றைக்கொண்டு துகளிலுள்ள தனிமங்களை அளவிடலாம். பொட்டாசியம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் விகிதம், கைரேகைபோல், எரிமலைக்கு எரிமலை வேறுபடும். ஜ்வாலாபுரத்துச் சாம்பலின் விகிதம், சுமத்திராத் தீவில் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த டோபாவோடு ஒத்தது. இன்று அங்குள்ள நெடிய ஏரி அவ்வெடிப்பின் வடுவே.

எனினும் அவசரம் ஆகாது. டோபா ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் வெடித்ததுண்டு. மகாராஷ்டிரத்தில் போரி என்னுமிடத்துச் சாம்பல் இவ்விரண்டில் எதனுடையது என்று அறிஞர் நெடுநாள் வாதிட்டனர். உடன் கிடைத்த கற்கருவிகளின் வயதே அதைப் பொறுத்ததன்றோ!

ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கற்கருவிகள் கிடைத்தன என 2007இல் ஆய்வாளர் அறிவித்தனர். அப்பேரிடரையும் தாண்டி மாந்தர் இங்கு வாழ்ந்தனர் என்பது அவர் துணிபு. மாணவ நண்பர்களே, ஒரு சிட்டிகைச் சாம்பல் உரைக்கும் வரலாறு இது.