சிட்டையில் ஓடும் குதிரை

வாவிக்கரையில் பிறந்த எனக்குக் குதிரை என்பது பந்தயக் கடைச் சிட்டையில் எழுதும் பெயர்தான். இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கிருந்து காசு கட்டுவோம். ஒரு சித்திரையில் செங்கலடியில் பஸ் ஏறி, பதுளை வழியாக நுவரெலியா போனேன். 1875இல் உருவான பந்தயத் திடல். குதிரைகள் வளைவில் திரும்பியபோது கால்களின் கீழ் நிலம் அதிர்ந்தது. பந்தயம் முடிந்ததும், பக்கத்தில் நின்ற தோட்டத் தொழிலாளி தோற்ற சீட்டைக் கிழிக்காமல் மடித்து வைத்தார்.

“ஏன் ஐயா?” என்றேன்.

“சம்பளம் எங்கேன்னு வீட்டுல கேட்டா, காட்டணுமே தம்பி!”

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் அயலில் தருமரின் சூதுக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆடியவர் தருமர், சபைக்கு இழுக்கப்பட்டவள் திரௌபதை. கட்டுகிறவன் ஒருவன், இழக்கிறவள் இன்னொருத்தி என்பதை அந்தச் சீட்டில்தான் படித்தேன்.