படம் வரையும் பிள்ளைக்கு மூட்டுப் பொம்மை



படம் வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், அது என்றாவது ஒரு நாள் ஒரு பொம்மை கேட்கும். விளையாட்டுப் பொம்மை அன்று. கை, கால், கழுத்து, இடுப்பு எல்லாம் மடங்கும் பொம்மை. எந்த நிலையில் வைத்தோமோ அந்த நிலையிலேயே அசையாமல் இருக்கும். அதைப் பார்த்து மனித உருவத்தை வரைந்து பழகலாம். ஆங்கிலத்தில் மேனிக்கின் என்பார்கள். நாம் மூட்டுப் பொம்மை என்று சொல்லிக்கொள்வோம். "பிள்ளை கேட்கிறதே, வாங்கித் தரலாமா? எதை வாங்குவது?" என்று பள்ளிக்கு வரும் தாய்மார்கள் கேட்கிறார்கள். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அன்று.

முதலில் நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் மரத்தால் ஆன மூட்டுப் பொம்மை ஒன்றை ஆசையாக வாங்கினோம். பன்னிரண்டு அங்குல உயரம். ஒரு கம்பியில் குத்தி, வட்டப் பலகையில் நிறுத்தியிருக்கும். தோட்டப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது அதையும் கொண்டு வந்தோம். ஒரு முறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களை, "என் அம்மா வேலை செய்கிறார்" என்று ஒரு படம் வரையச் சொன்னோம். ஒரு மாணவி தன் தாயார் பால்மரத்தடியில் குந்தி வெட்டுவதை வரைந்தாள். முழங்கால்கள் மார்பை முட்டிக்கொண்டிருந்தன. முதுகு வில்லாக வளைந்திருந்தது. நமக்கு அது பிழையாகப் பட்டது. பொம்மையை அவள் மேசைமேல் வைத்து, "இதைப் பார்த்துத் திருத்து" என்று சொல்லிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. மரத்தின் பக்கத்தில் ஒரு பெண் காவற்காரனைப் போல விறைத்து நின்றாள். கை மட்டும் நீட்டியபடி இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டோம். "ஐயா, இந்தப் பொம்மைக்குக் குந்தத் தெரியவில்லை. அதனால் அம்மாவை நிற்க வைத்துவிட்டேன்" என்றாள்.

பொம்மையை எடுத்துக் குந்த வைத்துப் பார்த்தோம். முழங்கால் செங்கோணத்தைக் கொஞ்சம் தாண்டி மடங்கியது. அதற்கு மேல் மறுத்துவிட்டது. பலகையிலிருந்து கழற்றிக் கீழே வைத்தால் மல்லாந்து விழுந்தது. பிள்ளை முதலில் வரைந்ததே சரியான படம். அதை அவள் ரப்பரால் அழித்துவிட்டாள். தாளில் கோடுகளின் தடம் மட்டும் தெரிந்தது.

அன்றுதான் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். பொம்மை வாங்கப் போகுமுன், நம் பிள்ளை யாரை, எந்த வேலையில், எந்த நிலையில் வரையப் போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்த நிலைக்கு வரக்கூடிய பொம்மையைத் தேட வேண்டும். பொம்மையால் முடிந்ததை மட்டும் பிள்ளை வரைவது என்றால் நம் ஊர் மனிதர்கள் பாதிப்பேர் படத்தில் வரவே மாட்டார்கள்.

மரப்பொம்மை ஏன் அப்படி இருக்கிறது? அது பிறந்த காரணம் வேறு. இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகரத்தில் 1472 முதல் 1517 வரை வாழ்ந்த ஃபிரா பார்த்தலோமியோ என்ற துறவி ஓவியர், ஆளுயரத்தில் மூட்டுகள் வைத்த மரப்பொம்மை ஒன்றைச் செய்வித்து வைத்திருந்தார் என்று, ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். அக்கால ஓவியங்களில் தரைவரை புரளும் அங்கிகள் நிறைய வரும். அந்தத் துணியின் மடிப்புகளை வரைந்து முடிக்க நாள் கணக்கில் ஆகும். உயிருள்ள மனிதர் மூச்சு விட்டாலே மடிப்பு மாறிவிடும் அல்லவா? பொம்மைக்கு உடுத்திவிட்டால் இன்று பார்த்த மடிப்பு நாளையும் அங்கேயே இருக்கும். நிற்பதற்கும் அமர்வதற்கும் துணி உடுத்துவதற்கும் அது போதும். குந்துவதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய மரப்பொம்மையின் மூட்டில் ஓர் உருண்டை, உள்ளே ஒரு வில்சுருள் அல்லது கயிறு, அவ்வளவுதான். இடுப்பும் வயிறும் மார்பும் தனித்தனிக் கட்டைகள். எங்கே உடல் திரும்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டுவதற்கு இது மிக நல்லது. தொடக்க நிலையில் உள்ள பிள்ளைக்கு உடலின் பெரிய பகுதிகள் கண்ணில் படும். ஓடுவது, நடப்பது, எட்டிப் பறிப்பது எல்லாம் ஓரளவுக்கு வரும். நாள்பட்டால் வில் தளர்ந்து, தூக்கிய கை தானே இறங்கும். அப்படித் தளர்ந்ததைப் பல பொம்மைகளில் சரி செய்ய வழி இருப்பதில்லை.

மற்றொரு வகை பிளாஸ்டிக்கில் ஆனது. இதற்கு ஒரு வேடிக்கையான பூர்வகதை உண்டு. அமெரிக்காவில் ஹாஸ்புரோ நிறுவனம் 1964இல் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையை வெளியிட்டது. கடைச் சன்னலில் ஓவியர்களுக்கான மரப்பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான், மூட்டுகள் அசையும் பொம்மை செய்யும் எண்ணம் அந்நிறுவனத்தாருக்கு வந்தது என்று சொல்கிறார்கள். ஓவியர் அறையிலிருந்து விளையாட்டுக் கடைக்குப் போன அந்தப் பொம்மை பின்னர் ஓவியர் மேசைக்கே திரும்பி வந்தது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம், முகமோ உடையோ இல்லாத பொம்மைகளைப் 'பாடி-குன்' என்றும் 'பாடி-சான்' என்றும் ஆண், பெண் வடிவில் படம் வரைவோருக்கென்றே வெளியிட்டது. உயரம் ஒரு சாணுக்கும் குறைவுதான். கழற்றி மாட்டும் கைகள் பலவும் உடன் வரும்: பொத்திய கை, விரித்த கை, எதையோ பிடித்த கை.

இத்தகைய பொம்மையில் முழங்காலையும் முழங்கையையும் கவனியுங்கள். ஒரே மூட்டாக இல்லாமல் இரண்டு மூட்டுகள் அடுத்தடுத்து இருக்கும். அதனால் குதிகால் தொடையைத் தொடும் அளவுக்குக் கால் மடங்கும். குந்துவதற்கு இது வேண்டும். பெட்டியின் படத்தில் முழங்காலில் இரண்டு கோடுகள் தெரிகின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இணையக் கடைகளில் இவற்றின் போலிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு முறை மடக்கியதும் மூட்டின் ஆணி முறிந்துபோகிறது.

கடையில் நேரில் வாங்குவதானால் கூச்சப்படாமல் கையில் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். நாம் சொல்லும் சோதனைகள் நம் வேலைக் காட்டிலிருந்து வந்தவை. பால்மரத்தில் வெட்டுக் கோடு முதலில் மேலே இருக்கும். பட்டையை வெட்ட வெட்ட அது கீழே இறங்கும். உயரத்தில் வெட்டும்போது நிமிர்ந்து நிற்கிறோம். நடுவில் வந்ததும் இடுப்பு வளைகிறது. அடிமரத்துக்கு வந்தால் குந்துகிறோம். ஒரே வேலை, ஒரே ஆள், மூன்று உடல். பொம்மையும் இந்த மூன்றுக்கும் வர வேண்டும். அடுத்து, காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இருபுறமும் பால் வாளி தொங்க நடப்பது. கை மேலே மடங்கிக் கம்பைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பொம்மையின் கை அதன் தோளைத் தொட முடிகிறதா என்று பாருங்கள்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் குலையை அறுப்பவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். இரண்டு கைகளும் மேலே. பொம்மையின் கழுத்து பின்பக்கம் சாயாவிட்டால் இந்தப் படம் வராது. கடைசியாக, பொம்மையின் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு அறுபதுவரை எண்ணுங்கள். கை இறங்கினால் அந்தப் பொம்மையை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இத்தனையிலும் தேறிய பொம்மைகூடப் பொய் சொல்லும். எங்கே சொல்லும் என்று தெரிந்துகொண்டால் தொல்லை இல்லை. உங்கள் கையை மேலே தூக்கிப் பாருங்கள். மற்றொரு கையால் தோளைத் தொட்டுக்கொள்ளுங்கள். கையோடு தோளும் காதை நோக்கி எழுகிறது. முதுகில் தோள்பட்டை எலும்பு நகர்கிறது. பெரும்பாலான பொம்மைகளில் கை மட்டும் எழும், தோள் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படியே வரைந்தால், கையைத் தனியாகச் செய்து ஒட்டியது போலத் தோன்றும். குந்தும்போது கெண்டைச் சதை தொடையில் அழுந்திப் பிதுங்கும். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது தெரியாது. பாரம் தூக்கியவரின் உடல் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும். பொம்மைக்குப் பாரமே தெரியாது; நாம்தான் சாய்த்து வைக்க வேண்டும்.

உருவ அளவையும் சொல்ல வேண்டும். வளர்ந்த மனிதரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு. பல பொம்மைகள் எட்டு மடங்கு வரும்படி நெடிதாகச் செய்யப்படுகின்றன. ஒரு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய நான்கு மடங்குதான். ஆகவே பெரியவர் பொம்மையைப் பார்த்துத் தம்பிப் பாப்பாவை வரைந்தால், குள்ளமான கிழவர் ஒருவர்தான் தாளில் வருவார். பென்சிலைப் பிடித்துப் பொம்மையின் தலையை அளந்து, உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று பிள்ளையே கணக்கெடுக்கட்டும்.

பொம்மையை வைக்கும் இடத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். ஓரடி உயரமுள்ள பொம்மை, ஐந்தடி ஆளின் ஐந்தில் ஒரு பங்கு. ஆகையால் ஓரடித் தூரத்திலிருந்து பார்ப்பது ஓர் ஆளை ஐந்தடித் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு நெருக்கத்தில் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் தெரியும். மூன்றடி தள்ளி அமர்ந்தால் பதினைந்தடியில் நிற்கும் ஆளைப் பார்ப்பது போல் இருக்கும். வரைவதற்கு அது ஏற்ற தூரம். மேசைமேல் பொம்மையை வைத்து மேலிருந்து குனிந்து பார்ப்பது, லயத்துக் கூரைமேல் ஏறி நின்று வாசலில் நிற்பவரைப் பார்ப்பதற்குச் சமம். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் பொம்மையை வைத்துக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "கடைப் பொம்மைக்குப் பணம் இல்லையே" என்று எந்தத் தாயும் மனம் சோர வேண்டாம். வெனிஸ் நகரத்துப் பெரும் ஓவியரான தின்தொரெத்தோ, 1594இல் மறைந்தவர், மெழுகாலும் களிமண்ணாலும் சிறு உருவங்களைத் தாமே பிடித்து, துணி சுற்றி, பலகையாலும் அட்டையாலும் செய்த சின்னஞ்சிறு வீடுகளுக்குள் வைத்து, சன்னல் வழியே விளக்கொளி விழச் செய்து பார்த்து வரைந்தார் என்று வரலாறு கூறுகிறது. பறக்கும் உருவங்கள் வேண்டுமானால் உத்திரத்திலிருந்து கட்டித் தொங்கவிடுவாராம். சப்பாத்துப் பெட்டியும் கைவிளக்கும் நம் வீட்டிலும் இருக்கின்றன.

நம் பள்ளியில் இப்போது கம்பிப் பொம்மை செய்கிறோம். எளிதில் வளையும் கம்பி 60 சென்டிமீட்டர் போதும். நடுவில் மடக்கி, 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தலையாக ஒரு வளையம் விடுங்கள். அதன் கீழே இரண்டு இழைகளையும் சேர்த்து 8 சென்டிமீட்டர் முறுக்கினால் கழுத்தும் உடலும். பிறகு இரண்டாகப் பிரித்து 11 சென்டிமீட்டர் கால்கள். நுனியை மடக்கினால் பாதம். கைகளுக்குத் தனியாக 22 சென்டிமீட்டர் கம்பியைக் கழுத்துக்குக் கீழே குறுக்காகச் சுற்றிக் கட்டுங்கள். கையை விரித்தால் உள்ள அகலம் ஏறக்குறைய ஆளின் உயரத்துக்குச் சமம் என்பதும் இதிலேயே பிள்ளைக்குப் புரியும். முழங்கால், முழங்கை வரும் இடத்தை மட்டும் விட்டு, மற்ற இடங்களில் பழைய துணியைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். கம்பியின் வெட்டு முனை கண்ணில் குத்தும்; குறட்டால் உட்பக்கம் மடக்கிவிடுவது பெரியவர்கள் பொறுப்பு. ஒரே இடத்தில் பலமுறை மடக்கினால் கம்பி ஒடியும். ஒடிந்தால் என்ன, வேறொன்று செய்துகொள்ளலாம்.

இனி, செய்முறை. வேலை முடிந்து வந்த அம்மா வாசலில் ஒரு நிமிடம் மரத்தடியில் குந்துவது போலக் குந்தட்டும். பிள்ளை முகத்தையும் சேலையையும் விட்டுவிட்டு, தலை எங்கே, முதுகு எப்படி வளைகிறது, முழங்கால் எங்கே வருகிறது, எந்தப் பாதத்தில் பாரம் நிற்கிறது என்பதை மட்டும் ஐந்தாறு கோடுகளில் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கோடுகளைப் பார்த்துப் பொம்மையை மடக்க வேண்டும். கோட்டுக்கும் பொம்மைக்கும் வேற்றுமை வந்தால் கோட்டைத் தொடாதீர்கள், பொம்மையைத் திருத்துங்கள். பொம்மை அந்த நிலைக்கு வந்ததும் அம்மா எழுந்து உலை வைக்கப் போகலாம். படம் முடியும்வரை பொம்மை குந்தியபடியே இருக்கும்.